ஒப்பந்தம் கிடைத்தும் ஆட்டம் கிடைக்கவில்லை: வெளிநாடு செல்லும் இந்தியக் கால்பந்து வீரர்கள் விரைவில் திரும்புவது ஏன்?

பெங்களூரு: இந்தியாவுக்காக 95 சர்வதேச கோல்களை அடித்தவர் சுனில் சேத்ரி. அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் உள்ள புகழ்பெற்ற கிளப்புகள் அவரை ஒப்பந்தம் செய்தன. ஆயினும், அவ்விரு நாடுகளின் முதல்நிலை லீக்கில் அவர் ஒரு போட்டியில்கூட களமிறங்கவில்லை. இரண்டு முறையும் குறுகிய காலத்திலேயே தாயகம் திரும்பிய அவர், 2013ஆம் ஆண்டு முதல் பெங்களூரு எஃப்சி அணியின் முகமாக விளங்கி வருகிறார்.

சேத்ரிக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது. கடந்த 25 ஆண்டுகளில் வெளிநாடு சென்ற இந்தியக் கால்பந்து வீரர்களில் பெரும்பாலோரின் பயணம், ஒப்பந்தக் கையெழுத்தில் தொடங்கி மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் முடிந்திருக்கிறது. இதற்கு நேர்மாறான உதாரணமும் விளையாட்டு உலகில் உண்டு. 1989ஆம் ஆண்டு வரை சோவியத் ஒன்றியத்தின் ஐஸ் ஹாக்கி வீரர்கள் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (என்எச்எல்) விளையாட அவர்களது அரசு அனுமதித்ததில்லை. இன்று அந்த லீக்கின் வரலாற்றில் அதிக கோல்களை அடித்தவர் ஒரு ரஷ்யர்.

ஒரு நாட்டு வீரர்கள் அயல்நாட்டில் ஊன்றி நிற்பதற்கும், மற்றொரு நாட்டு வீரர்கள் திரும்பி வருவதற்கும் திறமை மட்டுமே காரணமா? பெங்களூருவுடன் தொடர்புடைய சில வீரர்களின் அனுபவம், விடை அதைவிட விரிவானது என்பதைக் காட்டுகிறது.

சேத்ரி: இரு கண்டங்கள், இரு திரும்புதல்கள்

சேத்ரியின் வெளிநாட்டு முயற்சி 2009ஆம் ஆண்டு தொடங்கியது. இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணி அவரை மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்ய முன்வந்தது. ஆனால், பிரிட்டன் பணி அனுமதி அளிக்க மறுத்துவிட்டது. உலகத் தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் உள்ள நாடுகளின் வீரர்களுக்கே அனுமதி என்பது அப்போதைய விதி. இந்தியா அந்த வரம்புக்கு வெகு கீழே இருந்தது.

2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி விசார்ட்ஸ் அணியில் அவர் சேர்ந்தார். ஏப்ரலில் யுஎஸ் ஓபன் கோப்பைக்கான தகுதிப் போட்டி ஒன்றில் ஆடினார். ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிரான நட்புறவு ஆட்டத்தில் மாற்று வீரராகக் களமிறங்கினார். லீக் போட்டிகளில் வாய்ப்புக் கிடைக்காத நிலையில், அதே ஆண்டிலேயே இந்தியா திரும்பினார்.

2012ஆம் ஆண்டு போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப் அவரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அங்கு அவர் ஆடியது கிளப்பின் 'பி' அணிக்காக. அதுவும் இரண்டாம்நிலை லீக்கில் மூன்றே போட்டிகள். 2013ஆம் ஆண்டு தொடக்கத்தில் கடன் அடிப்படையில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணிக்கு வந்த அவர், அந்த சீசனில் ஐ-லீக் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்சி அவரைத் தன் அணிக்கு அழைத்தது.

அதன்பின் நிகழ்ந்தவை இந்தியக் கால்பந்தின் முக்கிய அத்தியாயங்கள். முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம், 2015-16இல் மீண்டும் ஐ-லீக் பட்டம், 2018-19இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பட்டம் ஆகியவற்றை பெங்களூரு வென்றது. 2016ஆம் ஆண்டு ஏஎஃப்சி கோப்பையின் இறுதிப்போட்டிக்கு முன்னேறிய முதல் இந்திய கிளப் என்ற பெருமையும் அதற்குக் கிட்டியது. வெளிநாட்டில் மாற்று இருக்கையில் அமர்ந்திருந்த அதே வீரர், தாயகத்தில் வாரந்தோறும் முழு ஆட்டம் ஆடும் வாய்ப்புக் கிடைத்தபோது எந்த உயரத்தை எட்டினார் என்பது கவனிக்கத்தக்கது.

குர்பிரீத்: 21 மாதக் காத்திருப்பு

பெங்களூரு எஃப்சியின் கோல்கீப்பராகப் பல ஆண்டுகள் ஆடியவர் குர்பிரீத் சிங் சாந்து. 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், 22 வயதில், அவர் நார்வேயின் ஸ்டாபெக் அணியில் சேர்ந்தார். அமெரிக்க தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் பாப் பிராட்லி அப்போது ஸ்டாபெக் அணிக்குப் பொறுப்பேற்றிருந்தார்.

நார்வே லீக்கில் குர்பிரீத் ஆடிய முதல் போட்டி 2016ஆம் ஆண்டு மே 29 அன்று, ஸ்டார்ட் அணிக்கு எதிராக நடைபெற்றது. அதாவது, ஒரு லீக் போட்டிக்காக அவர் ஏறத்தாழ 21 மாதங்கள் காத்திருந்தார். அந்தப் போட்டியில் ஸ்டாபெக் 5-0 என்ற கணக்கில் வென்றது. ஐரோப்பிய நாடு ஒன்றின் முதல்நிலை லீக்கில் ஆடிய முதல் இந்தியர் என்ற பதிவு அவர் பெயரில் ஏறியது. அடுத்த மாதமே, வேல்ஸ் நாட்டின் கன்னாஸ் கீ அணிக்கு எதிராக யூரோப்பா லீக் தகுதிச் சுற்றிலும் ஆடினார். அப்போட்டியில் ஆடிய முதல் இந்தியரும் அவரே.

ஒரு கோல்கீப்பருக்கு இக்காத்திருப்பு இயல்பானதே. அணியில் ஓரிடம் மட்டுமே உண்டு. அதை வைத்திருப்பவர் காயமடைந்தாலோ, ஆட்டத்திறன் குறைந்தாலோ மட்டுமே அடுத்தவருக்கு வாய்ப்பு. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் குர்பிரீத் பெங்களூரு எஃப்சிக்குத் திரும்பினார். நார்வேயில் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. இந்திய அணியின் முதன்மைக் கோல்கீப்பராக அவர் நிலைபெற்றார். 2019ஆம் ஆண்டு அர்ஜுனா விருதும் பெற்றார்.

தடுப்பாட்ட வீரர் சந்தேஷ் ஜிங்கனின் அனுபவம் இன்னும் சுருக்கமானது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் குரோஷியாவின் ஷிபெனிக் அணியில் சேர்ந்த அவர், தசைக் காயத்தால் ஒரு போட்டியில்கூட ஆட இயலாமல் சில மாதங்களில் திரும்பினார். 2022ஆம் ஆண்டு அவரும் பெங்களூரு எஃப்சியில் இணைந்தார்.

இவர்களுக்கு முன்னோடிகளும் உண்டு. கொல்கத்தாவின் முகமது சலீம், 1936ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்காக, காலில் துணிக்கட்டுகள் மட்டும் சுற்றி வெறுங்காலுடன் இரண்டு போட்டிகள் ஆடிவிட்டு ஊர் திரும்பினார். சிக்கிமின் பாய்ச்சுங் பூட்டியா, 1999 முதல் மூன்று சீசன்கள் இங்கிலாந்தின் பரி அணியில் இருந்து 37 லீக் போட்டிகளில் ஆடினார். அது அந்நாட்டின் மூன்றாம்நிலை லீக் என்றாலும், தொடர்ந்து களம் கண்டவர் என்ற வகையில் பூட்டியாவின் பயணமே மற்றவர்களுடையதைவிட நீண்டது.

கொல்கத்தாவே 'வெளிநாடு' ஆக இருந்த காலம்

பெங்களூரு வீரர்களுக்கு ஊர்விட்டு ஊர் சென்று தொழில்முறையில் உயர்வது புதிதன்று. சுதந்திர இந்தியா பங்கேற்ற முதல் ஒலிம்பிக் கால்பந்துப் போட்டி 1948ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்றது. பிரான்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இந்தியா 1-2 என்ற கணக்கில் தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூருவில் பிறந்த சாரங்கபாணி ராமன். வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய அந்த அணியில் அகமது கான், தன்ராஜ், சண்முகம் உள்ளிட்ட பெங்களூரு வீரர்கள் இடம்பெற்றிருந்தனர்.

அவர்களில் அகமது கானும் தன்ராஜும் 1949ஆம் ஆண்டு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தனர். அந்த அணியின் புகழ்பெற்ற ஐவர் முன்கள வரிசையை ரசிகர்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தனர். 1949 முதல் 1951 வரை தொடர்ச்சியாக மூன்று முறை ஐஎஃப்ஏ கேடயத்தை ஈஸ்ட் பெங்கால் வென்றதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அகமது கான் பத்தாண்டுக் காலம் அங்கேயே ஆடினார்.

அவர்கள் ஏன் நிலைத்தார்கள்? வழி தெளிவாக இருந்தது என்பதே முதல் காரணம். மைசூர் மாநில அணியின் சந்தோஷ் கோப்பை ஆட்டங்களைக் கொல்கத்தா கிளப்புகள் கவனித்து வந்தன. மைசூர் அணி 1946-47இல் அக்கோப்பையை வென்றிருந்தது. வருபவர்களின் தரம் பற்றி அழைப்பவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. ஒருவர் சென்றதும் அடுத்தவர் பின்தொடர்ந்தார். விசாவும் பணி அனுமதியும் தேவைப்படவில்லை. இதே கூறுகளைத்தான், வேறொரு வடிவில், ரஷ்ய வீரர்களின் வரலாற்றிலும் காண முடிகிறது.

ரஷ்யர்கள் கடந்து சென்ற பாதை

சோவியத் ஐஸ் ஹாக்கி வீரர்கள் வட அமெரிக்காவுக்குச் செல்வதற்கு முன்பே தங்கள் தரத்தை அங்கு நிரூபித்திருந்தனர். 1972ஆம் ஆண்டு கனடாவின் என்எச்எல் நட்சத்திரங்களும் சோவியத் அணியும் எட்டுப் போட்டிகளில் மோதின. மாண்ட்ரியல் நகரில் நடந்த முதல் போட்டியிலேயே சோவியத் அணி 7-3 என்று வென்று கனடாவை அதிரவைத்தது. தொடரை இறுதியில் கனடா ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில்தான் கைப்பற்றியது. அதன்பின் சோவியத் வீரர்களை என்எச்எல் கிளப்புகள் ஆவலோடு தேடின. கோல்கீப்பர் விளாடிஸ்லாவ் திரெத்யாக்கை 1983ஆம் ஆண்டு மாண்ட்ரியல் அணி தேர்வு செய்தது. ஆனால், அவரை அனுப்ப மாஸ்கோ இசையவில்லை.

தடையாக இருந்தது அரசு. முன்னணி வீரர்கள் பலர் மாஸ்கோவின் ராணுவ கிளப்பில் ஆடினர். ஆவணப்படி அவர்கள் ராணுவத்தினர். 1989ஆம் ஆண்டு மார்ச் மாதம், செர்கெய் பிரியாக்கின் அரசின் ஒப்புதலுடன் கால்கரி பிளேம்ஸ் அணிக்காக ஆடினார். ஒப்புதலுடன் என்எச்எல்லில் ஆடிய முதல் சோவியத் வீரர் அவரே. அதே ஆண்டு மே மாதம், ஸ்டாக்ஹோமில் உலகச் சாம்பியன் போட்டி முடிந்ததும் 20 வயது அலெக்சாண்டர் மொகில்னி அணியிலிருந்து விலகி அமெரிக்கா சென்றார். ராணுவத்தைக் கைவிட்டவர் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தது. அடுத்த ஆண்டு செர்கெய் ஃபெடோரோவ், அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் அணி தங்கியிருந்த விடுதியிலிருந்து வெளியேறி டெட்ராய்ட் அணியில் சேர்ந்தார்.

மூத்த வீரர் வியாசெஸ்லாவ் ஃபெடிசோவ் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். தப்பிச் செல்ல மறுத்து, சட்டப்படி செல்லும் உரிமைக்காக வெளிப்படையாகப் போராடினார். 1989ஆம் ஆண்டு அவரும் இகோர் லாரியோனோவ், செர்கெய் மக்காரோவ், விளாடிமிர் குருத்தோவ் ஆகியோரும் என்எச்எல்லில் அடியெடுத்து வைத்தனர்.

அனைவரும் வெற்றி பெறவில்லை. உலகின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட குருத்தோவ், வான்கூவரில் ஒரே சீசனுடன் வெளியேறினார். அங்கே ஆடுகளமும் வேறு. சோவியத் ஆடுகளம் ஏறத்தாழ 100 அடி அகலம் கொண்டது. என்எச்எல் ஆடுகளம் 85 அடிதான். இடம் குறைந்தால் பந்துவட்டைக் கைமாற்றும் நேரமும் குறைகிறது. உடல் மோதல் பெருகுகிறது. மக்காரோவ் அதற்கு விரைவில் பழகினார். 31 வயதில் என்எச்எல்லின் சிறந்த புதுமுக விருதைப் பெற்றார். அதன் விளைவாக, அவ்விருதுக்கான வயது வரம்பையே 26 என்று லீக் மாற்றியமைத்தது.

வரலாற்றைத் திருப்பியது டெட்ராய்ட் அணியின் முடிவு. 1995ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபெடிசோவ், லாரியோனோவ், ஃபெடோரோவ், விளாடிமிர் கான்ஸ்டன்டினோவ், வியாசெஸ்லாவ் கோஸ்லோவ் ஆகிய ஐந்து ரஷ்யர்களை ஒரே வரிசையாகக் களமிறக்கினார் அதன் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன். ரஷ்யர்கள் தங்களுக்குப் பழகிய ஆட்டத்தை அமெரிக்க மண்ணில் ஆட முடிந்தது. 1997ஆம் ஆண்டு, 42 ஆண்டுகளுக்குப் பின் டெட்ராய்ட் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதே ஆண்டு அக்கோப்பை மாஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அந்த வழியில் வந்தவரே அலெக்சாண்டர் ஓவெச்கின். 2004ஆம் ஆண்டு வீரர் தேர்வில் முதலாவதாக வாஷிங்டன் அணியால் தேர்வு செய்யப்பட்ட அவர், 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6 அன்று தமது 895ஆவது கோலை அடித்து, கனடாவின் வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைக் கடந்தார்.

முதல் தடை: தரவரிசை

ரஷ்யர்களுக்குத் தடை அவர்கள் வெளியேறும் கதவில் இருந்தது. இந்தியர்களுக்கோ நுழையும் கதவில் இருக்கிறது.

இந்திய ஆடவர் அணி உலகத் தரவரிசையில் எட்டிய மிக உயர்ந்த இடம் 94. அது 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில். பிரிட்டனில் 2021ஆம் ஆண்டு முதல் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. வீரரின் தேசிய அணி, அவர் ஆடிய லீக்கின் தரம், களத்தில் செலவிட்ட நிமிடங்கள் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. முதல் 50 இடங்களில் உள்ள நாடுகளின் முக்கிய வீரர்களுக்குத் தானாகவே ஒப்புதல் கிடைக்கிறது. இந்திய வீரருக்கு அந்த வழி இல்லை. அவரது கிளப் ஆடும் லீக் தரப் பட்டியலில் கீழே இருப்பதால், எத்தனை நிமிடங்கள் ஆடினாலும் புள்ளிகள் பெரிதாகச் சேர்வதில்லை. 2009இல் சேத்ரி முட்டி நின்ற கதவு, வேறு பூட்டுடன் இன்றும் அங்கேயே இருக்கிறது.

ஆனால், தரவரிசை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஆசியாவிலேயே சான்று உண்டு. தாய்லாந்தின் சனாதிப் சோங்கிரசின் 2017ஆம் ஆண்டு ஜப்பானின் கன்சடோலே சப்போரோ அணியில் சேர்ந்தார். தாய்லாந்து அணியும் அப்போது உலகின் முதல் 100 இடங்களுக்குள் இல்லை. ஆனால், ஜப்பானிய லீக், தன்னுடன் கூட்டு உடன்படிக்கை கொண்ட நாடுகளின் வீரர்களை வெளிநாட்டினர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அந்தப் பட்டியலில் தாய்லாந்து இருந்தது. 2018ஆம் ஆண்டு ஜப்பான் முதல்நிலை லீக்கின் சிறந்த பதினொருவர் அணியில் சனாதிப் இடம்பெற்றார். தனி ஒருவரின் திறமைக்கு நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தம் வழி திறந்துவிட்டது.

இரண்டாவது தடை: வயது

பதினெட்டு வயது நிறையாத வீரரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டு கிளப்புக்கு மாற்ற ஃபிஃபா விதிகள் அனுமதிப்பதில்லை. பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகளே உண்டு. சிறுவர்களை ஏமாற்றி அழைத்துச் சென்று கைவிடும் தரகர்களிடமிருந்து அவர்களைக் காப்பதே இவ்விதியின் நோக்கம்.

விதி நல்லதே. ஆயினும், அதன் பொருள் இதுதான்: 12 வயது முதல் 18 வயது வரை ஒரு வீரர் கற்க வேண்டிய அனைத்தையும் தாயகத்திலேயே கற்றாக வேண்டும். ஐஸ் ஹாக்கியில் நிலைமை வேறு. நிகிதா குச்செரோவ், ஆந்திரேய் ஸ்வெச்னிகோவ் போன்ற ரஷ்யர்கள் என்எச்எல்லுக்கு முன்பே கனடாவின் இளையோர் லீக்குகளில் ஆடி, அந்நாட்டு ஆடுகளத்துக்கும் வாழ்க்கைக்கும் பழகினர்.

இந்திய வீரர்களோ பெரும்பாலும் 22 முதல் 28 வயதில் ஐரோப்பாவை முதன்முறையாகக் காண்கின்றனர். சேத்ரி போர்ச்சுகல் சென்றபோது அவருக்கு 28 வயது தொடங்கும் தறுவாய். ஜிங்கன் குரோஷியா சென்றபோது 28. அந்த வயதில் ஒரு கிளப், புதிய வீரர் பழகும்வரை காத்திருப்பதில்லை.

இளையோர் அணிகள் வெளிநாட்டு அணிகளோடு மோதும் வாய்ப்பே இந்த இடைவெளியைக் குறைக்கக்கூடும். 2022ஆம் ஆண்டு முதன்முறையாக நடத்தப்பட்ட ரிலையன்ஸ் அறக்கட்டளை மேம்பாட்டு லீக்கை வென்ற பெங்களூரு எஃப்சி இளையோர் அணி, அதே ஆண்டு பிரிட்டன் சென்று பிரீமியர் லீக் கிளப்புகளின் இளையோர் அணிகளுடன் ஆடியது. சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் பெங்களூருவின் இருப்பு அணி வழியாக முதல் அணிக்கு உயர்ந்து, 2022-23 ஐஎஸ்எல் சீசனின் வளரும் வீரர் விருதைப் பெற்றார். இத்தகைய படிநிலை இந்தியாவில் இன்னும் ஒரு சில கிளப்புகளிலேயே உள்ளது.

மூன்றாவது தடை: ஊதியக் கணக்கு

2014ஆம் ஆண்டு ஐஎஸ்எல் தொடங்கிய பின் இந்திய வீரர்களின் ஊதியம் கணிசமாக உயர்ந்தது. ஐரோப்பாவின் சிறிய லீக்கில் கிடைக்கக்கூடியதைவிட அதிகத் தொகையும், உறுதியான ஆட்டமும், குடும்பத்துக்கு அருகாமையும் உள்நாட்டிலேயே கிடைத்தன. ஆட்ட வாழ்க்கை பத்துப் பதினைந்து ஆண்டுகளே நீடிக்கும் ஒருவர், குறைந்த ஊதியத்துக்கு மாற்று இருக்கையில் அமரச் செல்லாததைப் பேராசை என்று கூற இயலாது.

ரஷ்யாவிலும் இதே கணக்கு உண்டு. 2008ஆம் ஆண்டு அங்கு கேஎச்எல் என்ற புதிய லீக் தொடங்கி, நல்ல ஊதியம் வழங்கியது. 2013ஆம் ஆண்டு இலியா கோவல்சுக், நியூ ஜெர்சி அணியுடனான ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்த 12 ஆண்டுகளையும் 7.7 கோடி டாலரையும் துறந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணிக்குத் திரும்பினார். வேறுபாடு ஒன்றே: அவர் விருப்பப்பட்டுத் திரும்பினார், மீண்டும் 2018இல் என்எச்எல் சென்றபோது அவருக்கு இடம் காத்திருந்தது.

பெண்கள் காட்டும் வழி

ஆடவரைவிடப் பெண்களின் அனுபவம் நம்பிக்கை அளிக்கிறது. இதில் பெங்களூருவுக்கும் பங்கு உண்டு. 2019ஆம் ஆண்டு பெங்களூரு எஃப்சியும் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் வழியாக, மணிப்பூரைச் சேர்ந்த பாலா தேவி அந்த ஆண்டு நவம்பரில் ரேஞ்சர்ஸ் மகளிர் அணியின் தேர்வுப் பயிற்சிக்குச் சென்றார். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அவருக்கு 18 மாத ஒப்பந்தம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 30ஐ நெருங்கியிருந்தது. பெருந்தொற்றால் லீக் தடைபட்டபோதும் அவர் அங்கேயே தங்கிப் பயிற்சி பெற்றார். டிசம்பர் 6 அன்று மதர்வெல் அணிக்கு எதிராக 9-0 என்று ரேஞ்சர்ஸ் வென்ற போட்டியில் தமது முதல் கோலை அடித்தார். முழங்கால் காயம் பின்னர் அவரது பயணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அவரைத் தொடர்ந்து 2022ஆம் ஆண்டு டாங்மெய் கிரேஸ் உஸ்பெகிஸ்தானுக்கும், ஜோதி சௌகானும் சௌமியா குகுலோத்தும் குரோஷியாவின் டினாமோ சாக்ரெப் அணிக்கும் சென்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் மனிஷா கல்யாண், சைப்ரஸின் அப்பல்லோன் அணிக்காகக் களமிறங்கி, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியரானார். பின்னர் அவர் கிரீஸ் நாட்டின் பாவோக் அணிக்கு மாறினார். ஒரு வெளிநாட்டு கிளப்பிலிருந்து மற்றொரு வெளிநாட்டு கிளப் அழைப்பது, அந்த வீரர் நிலைபெறத் தொடங்கிவிட்டார் என்பதன் அடையாளம்.

இதற்கு இரு காரணங்கள் உள்ளன. இந்திய மகளிர் அணியின் உலகத் தரவரிசை ஆடவர் அணியைவிட வெகுவாக மேலே உள்ளது. மேலும், தாயகத்தில் அவர்களைத் தக்கவைக்கும் அளவுக்கு ஊதியமோ போட்டிகளோ இல்லை. 2019-20 இந்திய மகளிர் லீக்கின் இறுதிக் கட்டம் பெங்களூருவில் மூன்று வாரங்களில் நடந்து முடிந்தது. ஆண்டுக்குச் சில வாரங்களே ஆட்டம் உள்ள ஒருவருக்கு, வெளிநாட்டு வாய்ப்பு ஆசையன்று, தேவை.

2025 எழுப்பிய கேள்வி

அந்தத் தேவை ஆடவர் வாசலுக்கும் வந்துவிட்டது. ஐஎஸ்எல்லை நடத்துவதற்கான உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வரவிருந்த நிலையில், புதுப்பித்தல் குறித்து உடன்பாடு எட்டப்படாததால், 2025ஆம் ஆண்டு ஜூலையில் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில், முதல் அணி வீரர்கள் மற்றும் பணியாளர்களின் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக பெங்களூரு எஃப்சி அறிவித்தது. இளையோர் அணிகளும் பயிற்சி மையமும் இதனால் பாதிக்கப்படாது என்றும் அது தெரிவித்தது. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் லீக் அந்த ஆண்டு அப்போது தொடங்கவில்லை.

வெளிநாட்டு வாய்ப்பை மறுத்து உள்நாட்டு உறுதியைத் தேர்ந்தெடுத்த வீரர்களின் கணக்கு அந்தச் சில வாரங்களில் தலைகீழானது. போட்டி இல்லாத வீரருக்கு நிமிடங்கள் இல்லை. நிமிடங்கள் இல்லாதவருக்கு வெளிநாட்டுப் பணி அனுமதிக்கான புள்ளிகளும் இல்லை. உள்நாட்டு லீக் தடுமாறினால் வெளிநாட்டு வழி திறக்கும் என்பது தோற்றம் மட்டுமே. உண்மையில் அவ்வழியும் சேர்ந்தே அடைபடுகிறது.

ரஷ்ய வீரர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. அவர்கள் வலுவான உள்நாட்டு ஆட்டத்திலிருந்து வெளியேறினார்களே தவிர, வலுவற்ற ஒன்றிலிருந்து தப்பி ஓடவில்லை. அகமது கானை கொல்கத்தாவுக்குக் கொண்டு சேர்த்ததும் மைசூர் மாநில அணியின் வலிமையே. 54 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரியாத் நகரில் கர்நாடகம் மீண்டும் சந்தோஷ் கோப்பையை வென்றது, அந்த ஊற்று வற்றிவிடவில்லை என்பதற்குச் சான்று.

தங்குதடையின்றி நடக்கும் உள்நாட்டு லீக், 18 வயதுக்கு முன்பே தரமான பயிற்சி, ஜப்பான்-தாய்லாந்து போன்ற நாடுகளுக்கிடையேயான உடன்பாடு, ரேஞ்சர்ஸ்-பெங்களூரு போன்ற கிளப்புகளுக்கிடையேயான கூட்டு ஆகியவை அமைந்தால், அடுத்து விமானம் ஏறும் இந்திய வீரர் எந்த கிளப்பில் கையெழுத்திட்டார் என்பதோடு செய்தி முடிந்துவிடாது. அங்கே எத்தனை போட்டிகள் ஆடினார் என்பதும் செய்தியாகும்.